லாரிப் பலகைமேல் ஒரு ஸ்டேஷன்

என் கணவர் அந்தத் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்றுவிட்டு வந்த அன்றுதான் நான் தண்டவாளத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை அது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு இருபதடி தள்ளிக் கிடந்த இரும்பு, அவ்வளவுதான். காயப்போட்ட துணியில் எஞ்சின் கரி விழுகிறதா என்பது மட்டுமே என் கவலை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கம் போகும் மீட்டர்கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அவர் அங்கே பாயிண்ட்ஸ்மேன். வருகிற வண்டி எந்தத் தடத்துக்குப் போக வேண்டுமோ அந்தத் தடத்துக்குத் தண்டவாளத்தின் நாக்கைத் திருப்பிவிடும் வேலை. அவருக்குச் சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். நான் எருமப்பட்டிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். நாமக்கல் பக்கம் அப்போது ரயிலே கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுதான் என் முதல் ரயில் பயணம். ரயில் பார்க்காதவளை ரயில்காரருக்குக் கட்டிவைத்தார்கள்.

உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ஆவதற்கான தேர்வு அது. எழுத்தில் அவர் பாஸ் ஆகிவிடுவார். வாய்மொழித் தேர்வில்தான் போய்விடும். இரண்டாவது முறை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: உங்கள் ஸ்டேஷனில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் எப்படிக் கடத்திவிடுவீர்கள், சொல்லுங்கள். தினமும் இரண்டு முறை அவர் கையால் செய்கிற வேலை அது. அதிகாரி முன்னால் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. இன்னும் ஒரு முறைதான் இருந்தது. அதையும் விட்டால் ஓய்வு பெறும்வரை மழையிலும் வெயிலிலும் எண்ணெய்க் குவளையோடு நடக்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். அன்றும் வந்தது. "எங்கிட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "இந்தப் பக்கத்துல இருந்து பாசஞ்சர் வருது. நான் அந்த வேப்பமரத்துகிட்டப் போறேன்" என்று ஆரம்பித்தார். வாய் நின்றுவிட்டது, கால் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே நான்கு எட்டு வைத்தார், குனிந்தார், கையால் எதையோ இழுத்தார், திரும்பி நடந்தார். சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். வேலை முழுவதையும் செய்துவிட்டார், அதற்குமேல் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஸ்டேஷன் அவர் காலுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். மேலேயிருந்து ஒரே பார்வையில் அதை அவர் பார்த்ததில்லை. "சின்னதா ஒண்ணு செஞ்சு முன்னால வெச்சுக்கிட்டுச் சொல்லிப் பழகுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். பாதி கோபத்தில் சொன்னது. அவர் முழுசாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே சாக்பீஸ் வந்தது. எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும். அறை பத்தடி நீளம், அதில் கட்டில் ஆறடி. மிச்சத் தரை முழுவதும் கோடு போட்டார். தீப்பெட்டிதான் சரக்கு வேகன் என்று வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் யார்டு முழுவதையும், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நடந்து அளந்துவந்து கணக்குப் போட்டார். உண்மையான கணக்குப்படி பதினாறடி வேண்டியிருந்தது. ஒரு முனை எங்கள் அறையிலும் மறு முனை பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் வந்தது. ஐந்து நாள் நான் குழம்புச் சட்டியோடு கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். "மெயின் லைனை மிதிக்காத" என்பார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டறதுன்னு கேட்டிருக்கேன், ரயிலு ஓட்டறத இங்கதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தார். எங்களைப் பார்க்க வந்தவர், நான் பலகை வேண்டுமென்று எழுதியிருந்ததால், பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய பின்கதவுப் பலகையைக் கொண்டுவந்தார். ஏழடி நீளம், இரண்டடி அகலம்.

"மாப்பள லாரி கட்டப் போறாரா அம்மணி?"

"இல்லீங்ணா, ரயிலு."

"நம்மூருக்கே இன்னும் ரயிலு வரக்காணம். உங்கூட்டுக்குள்ள வருதாக்கும்" என்று சிரித்தார். ஆனால் அடுத்த முறை வரும்போது ஒரு டப்பா நிறைய பேரிங் குண்டுகளும், கொஞ்சம் சிவப்புப் பெயிண்டும், ஈயம் பற்றவைக்கும் கோலும் கொண்டுவந்தார். பலகையைக் கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டி வைத்தோம். வேண்டும்போது இறக்கி இரண்டு மண்ணெண்ணெய் டின்கள்மேல் வைப்போம். வைத்தால் கிழக்கு முனை சமையலறை வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பதினாறடி ஸ்டேஷனை ஏழடிக்குள் அடக்குவது எப்படி? இதில்தான் நான் அவரைப் புதிதாகப் பார்த்தேன். அதிகாரி முன்னால் வாயடைத்துப் போகிற மனிதர் இந்தப் பலகைக்கு முன்னால் நீதிபதி. "நீளம் குறையலாம். வேலை குறையக் கூடாது" என்றார். நிஜ ஸ்டேஷனில் ஒரு வண்டி என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் பலகையில் செய்ய முடிய வேண்டும், அங்கே முடியாதது இங்கேயும் முடியக் கூடாது. வண்டியைச் சுருக்கினார்: ஓர் எஞ்சின், மூன்று தீப்பெட்டி, பின்னால் கார்டு வண்டி. ஓரத்துத் தடமான லூப் லைனில் அந்த வண்டி நின்றபிறகு இன்னொரு தீப்பெட்டிக்கு மட்டும் இடம் இருக்க வேண்டும், அதற்குமேல் ஓர் அங்குலம்கூட வீண். தடம் பிரியும் இடத்தை ஐந்து அங்குலத்தில் வளைத்துப் பார்த்தார், சக்கரம் மேலே ஏறிக் கவிழ்ந்தது. ஆறில் பார்த்தார், கவிழ்ந்தது. ஏழில் நின்றது. பிரியும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஏழு என்று எழுதி, மிச்சத்தைக் கழித்துக் கழித்துப் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் வரைபடம் போட்டார். பதினோரு தாள்கள். ஒவ்வொன்றையும் தரையில் விரித்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அந்தப் பொறுமையில் எனக்குக் கால் பங்கு இருந்தால் என் மாமியார் என்னை எப்படியெல்லாமோ மெச்சியிருப்பார்.

பதினோராம் தாளில் ஒன்பது அங்குலம் இடித்தது. ஸ்டேஷனின் கிழக்கு முனையில், வெளியே போகும் தடத்திலிருந்து ஒரு தண்டவாளம் தனியாகப் பிரிந்து கொஞ்ச தூரம் போய் ஒரு மணல் மேட்டில் முட்டி முடிந்துவிடும். ஸ்லிப் சைடிங் என்று அதற்குப் பெயர். அதில் எந்த வண்டியும் போய் நான் பார்த்ததில்லை. அந்த ஒன்பது அங்குலத்தில் ஸ்டேஷன் கட்டடத்தையும் வேப்பமரத்தையும் வைக்கலாமே என்று எனக்கு ஆசை. கட்டடத்துக்கு அட்டை வெட்டி ஓடுகூடச் செய்து வைத்திருந்தேன்.

"எங்கயும் போவாத தண்டவாளம் நமக்கு எதுக்குங்க?"

"அது அங்க இருக்கே" என்றார்.

"இருந்தா? அதுல என்னத்த ஓட்டறீங்க?"

ஆறு வருடமாகத் தினமும் காலையில் அதன் நாக்குக்கு எண்ணெய் போடுகிறவர் அவர்தான். வண்டி ஏதாவது தானாக உருண்டு போனால் பிடிப்பதற்கு என்று புத்தகத்தில் இங்கிலீஷில் போட்டிருந்ததை மனப்பாடமாகவே வைத்திருந்தார். ஆனால் ஆறு வருடத்தில் ஒன்றும் உருண்டதில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் அழிப்பானை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். வேலை குறையக் கூடாது என்று சொன்னவர், எனக்காக அந்த ஒரு முறை குறைத்தார்.

கட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. சைக்கிள் போக்ஸ் கம்பிகள் தண்டவாளம். தீக்குச்சிகள் ஸ்லீப்பர். பெரிய பொத்தானையும் சின்னப் பொத்தானையும் சேர்த்து ஒட்டிச் சக்கரம், தையல் ஊசி அச்சு. வேகனில் கனம் வேண்டும் என்று கேழ்வரகு நிரப்பினோம். நாக்கைத் திருப்பும் லீவருக்கு என் கொண்டை ஊசிகள் போயின. அந்த இரண்டு மாதமும் கூந்தலை முடிந்துகொண்டேதான் திரிந்தேன். தண்டவாளத்துக்கு அடியில் மண் படுகை போடுவது மட்டும் என் வேலை. அவர் டூட்டிக்குப் போயிருந்தபோது களிமண்ணைச் சலித்து, சாணம் கலந்து, பலகைமேல் அப்பி, உள்ளங்கையால் இழுத்து மெழுகினேன். அவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு பழகத் தொடங்கினோம். அவருக்கு எங்கள் ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் சமையலறை, அதற்கு நான் மாஸ்டர். ஒற்றைத் தடம் என்பதால் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அவர் டம்ளரைக் கரண்டியால் தட்டி வழி கேட்பார். வழி சும்மா இருந்தால் நானும் தட்டிப் பதில் சொல்வேன். அதன் பிறகுதான் அவர் ஒரு பேரிங் குண்டை எடுத்து வண்டிக்குக் கொடுக்கலாம். நிஜத்திலும் இரும்புக் குண்டுதான். பிரம்பு வளையத்தில் தொங்கும் பையில் போட்டு, ஓடுகிற எஞ்சினில் இருக்கும் டிரைவரிடம் கொடுப்பார்கள். குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது.

இதை எனக்கு விளக்க அவர் திணறினார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மூன்று பங்கு. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மோட்டார் ரூம் சாவியை ஒரு கொட்டாங்குச்சியில் கட்டி வைத்திருப்பார்கள். யார் கையில் கொட்டாங்குச்சியோ அவருக்குத்தான் தண்ணீர். மற்றவர்கள் பயிர் வாடினாலும் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இது சாவிக் கொட்டாங்குச்சிங்க. இதுக்கா இவ்வளவு இங்கிலீஷு?" என்றேன். அவர் உடனே அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் கறாரான மாஸ்டர். அடுப்பில் கை வேலையாக இருந்தால் டம்ளரை எத்தனை முறை தட்டினாலும் பதில் தரமாட்டேன். குண்டு வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்காமல் அடுத்ததைக் கொடுத்ததில்லை. அவர் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. வாரம் போகப் போக நான்கு வாக்கியம் கோவையாக வந்தது. ஐந்தாவதில் நின்றுவிடும். தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு உள்ளூரப் பயம், வெளியே காட்டவில்லை.

அப்படி ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர் லூப் லைனில் மூன்று வேகன்களை நிறுத்தி முதல் முறையாக எஞ்சினைக் கழற்றிவிட்டார். நான் வழி கேட்டேன், அவர் கொடுத்தார். என் பாசஞ்சர் வண்டியைச் சமையலறை வாசற்படியிலிருந்து பலகைமேல் ஏற்றிக் குச்சியால் மெல்லத் தள்ளினேன். அவர் பாயிண்டைத் திருப்பிக்கொண்டே நாலாவது வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தியிருந்த மூன்று வேகன்களும் நகர்ந்தன. யாரும் தொடவில்லை. மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, நாக்கை நெட்டிக்கொண்டு மெயின் லைனுக்கு வந்து, நேரே என் பாசஞ்சரில் முட்டின. எல்லாம் சேர்ந்து சமையலறைக்குள் விழுந்தன. தரையெல்லாம் கேழ்வரகு. இரண்டு பொத்தான்கள் உருண்டு அடுப்படியில் போய் விழுந்தன.

"ஏனுங்க, பாத்து நிறுத்தக் கூடாதுங்களா?" என்று சத்தம் போட்டேன்.

"நிறுத்தித்தான் வச்சேன்" என்றார்.

பலகை கோணலோ என்று பார்த்தோம். டின்கள் சமம். பிறகு நான் படுகைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். தடவியதுமே தெரிந்தது. மேற்கிலிருந்து கிழக்கே அரை விரற்கடை வாட்டம். நான் வைத்ததுதான். எங்கள் பக்கத்தில் களமோ வாசலோ வாய்க்காலோ, மண்ணைக் கையால் இழுத்தால் வாட்டம் வைக்காமல் இழுக்க மாட்டோம், தண்ணீர் தேங்கிவிடும். தண்ணீரே ஓடாத ரயில்பாதைக்கும் என் கை பாட்டுக்கு வாட்டம் வைத்திருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். இரண்டு மாத வேலையைப் பாழாக்கிவிட்டேன் என்று அழுகையும் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கேழ்வரகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "வா" என்று என்னை வெளியே கூட்டிப் போனார். யார்டின் கிழக்கு முனைவரை நடந்தோம். மணல் மேட்டுக்கு முன்னால் நின்றார்.

"மழை பெஞ்சா ஓரத்துச் சாக்கடைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

எனக்கு அது நன்றாகத் தெரியும். என் துணிக்கொடிக்குக் கீழேதான் ஓடும். "இந்தப் பக்கந்தானுங்க. கெழக்க."

"அப்ப நம்ம ஸ்டேஷனும் வாட்டம்தான். ஆறு வருஷமா இது மேல நடக்கிறேன், எனக்குத் தெரியல. லூப்ல நிக்கிற வேகன் பிரேக் விட்டுப்போச்சுன்னா இந்தப் பக்கம்தான் உருளும். உருண்டு வெளிய போனா எதிர்ல வர்ற பாசஞ்சர்ல மோதும். அதனாலதான் இந்த நாக்கு எப்பவும் மணல் பக்கமே திரும்பி நிக்கணும். நம்ம வண்டி வந்து போறப்ப மட்டும் மெயினுக்குத் திருப்பிட்டு, போனதும் மறுபடி மணலுக்கே திருப்பிடணும். எதுவும் போறதுக்காகப் போட்ட தடம் இல்ல இது. எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு போட்டது."

நான் எண்ணிக்கொண்டே கேட்டேன். எட்டு வாக்கியம், ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் அப்படியொரு பெருமை பொங்கியது. கூடவே என்மேல் எரிச்சலும் வந்தது. எங்கள் வாய்க்காலிலும் கரை உடையாமலிருக்க, மிஞ்சிய தண்ணீரைக் கரட்டுப் பக்கம் திருப்பிவிட ஒரு மடை உண்டு. அங்கே ஒன்றும் விளையாது. அதை அடைத்தால் அப்பா உதைப்பார். அது தெரிந்தவள்தான் ஒன்பது அங்குலத்தை அழிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பலகைமேல் நட்டிருந்த வேப்பமரத்தை நானே பிடுங்கினேன். ஓட்டுக் கட்டடத்தை எடுத்துப் பரணில் போட்டேன். படுகையைச் சமமாக்கிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "தொடாத. இப்பதான் இது நம்ம ஸ்டேஷன்" என்றார். அந்த ஒன்பது அங்குலத்தில் தண்டவாளம் பிரிந்தது, முடிவில் ஒரு கைப்பிடி ஆற்று மணல். அதன் பிறகு தினமும் வேண்டுமென்றே வேகனை உருளவிட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அது மணலில் போய்ப் புதைந்து நிற்கும். நான் அந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்வார். ஐந்தாவது வாக்கியம் வந்தது, ஆறாவதும் வந்தது.

தேர்வுக்குப் போனவர் மறுநாள் மத்தியான வண்டியில் வந்து இறங்கினார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"பழையபடி நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றார்.

நான் கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்க ஸ்டேஷன்ல ஸ்லிப் சைடிங் எதுக்குன்னு ஒரு அதிகாரி கேட்டார். புத்தகத்துல இருக்கிற இங்கிலீஷ் ஒண்ணும் வரல. எதிர்ல உக்காந்திருந்த மூணு பேரும் என்னையே பாக்கிறாங்க. திடீர்னு வாய்ல வந்துடுச்சு. 'அது இல்லீன்னா வேகன் உருண்டு அடுப்படிக்குப் போயிருமுங்க' அப்படின்னேன்."

கெங்கவல்லிக்காரர் வாயில் 'போயிருமுங்க' வராது. தினமும் என்னோடு பேசிப் பழகி, அங்கே என் பேச்சு வந்திருக்கிறது.

"அய்யய்யோ. அப்புறம்?"

"அடுப்படியான்னு கேட்டார். 'அதான் அடுத்த ஸ்டேஷனுங்க. அங்க என் சம்சாரம் நிக்குதுங்க'ன்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சார். கேட்டவர் சிரிக்கல. பேனாவைக் கீழ வச்சுட்டு, சரி, மேல சொல்லுன்னார். அப்புறம் கால் மணி நேரம் சொன்னேன். பாயிண்டு, சிக்னல், குண்டு, கொட்டாங்குச்சி, எல்லாம்."

"கொட்டாங்குச்சியுங்களா?"

"அதையும்தான். கடைசியா, அடுத்த ஸ்டேஷன்ல இருக்கிறவங்கள நம்பி வண்டிய விடலாமான்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"அது எண்ணிப் பாக்காம வழி குடுக்காது, தாராளமா விடலாம்னு சொன்னேன்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை நாளும் நான் விளையாட்டுக்குத்தான் டம்ளர் தட்டினேன். அவருக்கு நான் நிஜமாகவே தண்டவாளத்தின் மறு முனையில் நின்றிருக்கிறேன்.

தேர்ச்சி என்று கடிதம் வர ஒரு மாதம் ஆனது. பயிற்சி முடிந்து உதவி ஸ்டேஷன் மாஸ்டராக அவருக்கு வேறோர் ஊரில் போஸ்டிங் போட்டார்கள். அதுவும் ஒற்றைத் தடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பலகையையும் கட்டிலையும் வண்டியிலிருந்து இறக்கும்போது, நான் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்துபோய் அந்தப் பக்கத்துத் தடத்தைப் பார்த்தேன். ஒரு தண்டவாளம் தனியாகப் பிரிந்து போயிருந்தது, முடிவில் மணல் மேடு இருந்தது. திரும்பி வந்த பிறகுதான் புது வீட்டில் அடுப்பை எங்கே வைப்பது என்று பார்த்தேன்.